ஏழு பாயிண்ட் ஒன்பது

(தோழர்கள் ஏற்பாடு செய்த பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சாதி ஒழிப்பில் பெண்களின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்துத்தான் தோழர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன் என்றேன், சரி என்றார்கள். நான் பேசப் போவது என் ரத்தத்தைப் பற்றி. ஏழு பாயிண்ட் ஒன்பது என்ற ஓர் எண்ணைப் பற்றி. 'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று டீ குடிக்க எழுந்திருக்கும் ஆண் தோழர்கள் கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

நான் அருந்ததியர். இதை மைக்கில் இப்படிச் சாதாரணமாகச் சொல்ல எனக்கு முப்பது வயது ஆகியிருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை. காலை எட்டரைக்கு நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை. எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் இப்போது ஏழு மாதம். அதோ பின்னால் அழுகிற சத்தம் அவளுடையதுதான்.

அவள் வயிற்றில் இருந்தபோது, ஏழாவது மாதம் முடிகிற சமயத்தில், ரத்தம் பரிசோதித்தார்கள். 7.9 என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதிச் சுழித்தார்கள். நம் பக்கம் இதை 'ரத்தம் கம்மி' என்போம். எத்தனை பாயிண்ட் என்று கேட்டுக்கொள்வோம். அந்தப் பாயிண்ட் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதுதான் அது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 10-க்குக் கீழே நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. நான் கடுமைக்கு ஒரு படி மேலே நின்றிருந்தேன்.

நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் எல்லோரையும் எடுத்தால் நூற்றுக்கு 57. நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் இருக்கிற நோயை நாம் நோய் என்றே நினைப்பதில்லை. 'பொம்பளைன்னா அசதி இருக்கத்தான் செய்யும்' என்கிறோம்.

அந்த அசதி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கம்பெனியில் நாங்கள் இருந்தது மாடி. பதினெட்டுப் படி. ஆறாம் மாதத்தில் பத்தாவது படியில் நிற்க ஆரம்பித்தேன், ஏழாம் மாதத்தில் ஐந்தாவது படியில். நெஞ்சு படபடவென்று அடிக்கும், காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கும். வயிறு பெரிதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வயிறு மேலே தள்ளுவதாலும் மூச்சு வாங்கும், ரத்தம் குறைந்தாலும் வாங்கும். இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதுதான் ஆபத்து. பரிசோதித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ராத்திரியில் கால் சும்மா இருக்காது. வலி என்று சொல்ல முடியாது. காலுக்குள் எறும்பு ஊர்வது போல, எழுந்து நடந்தால்தான் அடங்கும். படுத்தால் மறுபடி ஊரும். என் மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இப்படி வரும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அது போக கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு என் வீட்டுக்காரர் பாதத்தைப் பிடித்து விரல்களை முழங்கால் பக்கம் மெதுவாக மடக்கிப் பிடிப்பார், ஒரு நிமிடத்தில் விடும். இது மருந்தில்லாத வைத்தியம், ஆண் தோழர்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் பல்பம் தின்றேன். பெரியவனின் சிலேட்டுப் பல்பம். ஒரு நாளைக்கு நாலைந்து. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். மண் நனைந்த வாசனை வந்தால் நாக்கில் நீர் ஊறும். மசக்கை நாலு மாதத்தோடு போய்விட வேண்டும், எனக்கு ஏழாம் மாதத்திலும் போகவில்லை. வெட்கத்தில் மறைத்தேன். சாப்பாடு இல்லாத பொருள்மேல் இப்படி ஆசை வருவதும் ரத்தசோகையின் அடையாளம்தான் என்பது தெரிந்திருந்தால் மூன்று மாதம் முன்பே போய் நின்றிருப்பேன். இங்கே உட்கார்ந்திருக்கிற யாராவது சாம்பலோ மண்ணோ பல்பமோ தின்றுகொண்டிருந்தால் வெட்கப்படாதீர்கள், நர்சிடம் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சல், முதுகுவலி எல்லாம் எல்லோருக்கும் வருவது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன், சாப்பிட்டவுடன் படுக்காமல் இருந்தேன், இடது பக்கம் ஒருக்களித்து முட்டிகளுக்கு நடுவே பழைய புடவையைச் சுருட்டி வைத்துப் படுத்தேன். ஓரளவு தாங்க முடிந்தது. தாங்க முடியாதது கம்பெனியில் கழிவறைக்குப் போவது. கடைசி மூன்று மாதம் மணிக்கு ஒரு முறை சிறுநீர் வரும். அங்கே டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், அதன்மேல் இரும்பு மாத்திரை, அதன்மேல் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது. மூலம் வந்துவிட்டது. எந்த டாக்டரிடம் போய் இந்தக் கதையை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

மாத்திரைக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாலாம் மாதத்திலிருந்து கொடுத்த சிவப்பு மாத்திரையை நான் சாப்பிடவில்லை. மூன்று மாதத்து அட்டைகளை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். குமட்டியது, மலம் கறுப்பாகப் போனது, பயந்துவிட்டேன். அது பயப்பட வேண்டியதில்லை, உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியே போகிற நிறம் அது. இதை ஒரு வரியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் பெரிய காரணம் வேறு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், 'அந்த மாத்திரை தின்னா கொழந்த கறுப்பாப் பொறக்கும் அம்முணி.' நான் கறுப்பு. என் அம்மா கறுப்பு. என் மகன் பிறந்தபோது அவனைத் தூக்குவதற்கு முன்பே அவன் நிறத்தைப் பற்றி என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவள்தான் நான், பெரியார் படத்துக்கு முன்னால் உறுதிமொழி சொன்னவள். அப்படிப்பட்டவள் பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தேன். குங்குமப்பூ வாங்கக் காசில்லை, இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பேன். சாதி வெளியே மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் என் அரிசிப் பானையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சரி, 7.9 வந்தது. நர்சம்மா கேட்டார், 'என்ன சாப்பிடறே?' சொன்னேன். காலையில் டீயும் பன்னும், மதியம் சோறு, ரசம், ராத்திரி மிச்சம் இருப்பது. அவர் ஒரு பட்டியல் சொன்னார். ஆப்பிள், மாதுளை, பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறும் என்பது நம் ஊர்க் கணக்கு. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவு இல்லை. ஆப்பிளில் இரும்பு ஒன்றும் பெரிதாக இல்லை. கீரையில் இருக்கிறது, ஆனால் அதில் இருக்கிற இரும்பில் உடம்பு பிடித்துக்கொள்வது நூற்றில் ஐந்தோ பத்தோதான். கறியிலும் ரத்தத்திலும் இருக்கிற இரும்பு வேறு வகை, அதைவிட இரண்டு மூன்று மடங்கு சுலபமாக உடம்பில் சேரும். அந்தப் பட்டியலில் கறி இல்லை. ரத்தப் பொரியல் இல்லை, சுவரொட்டி இல்லை. மாட்டுக்கறி என்ற சொல்லுக்கு அந்த அறைக்குள் இடமே இல்லை.

'உங்காளுங்க குடுக்கற மாத்திரையெல்லாம் எங்கே ஒழுங்காத் திங்கறீங்க' என்று கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். நான் திங்கவில்லை என்பது உண்மை. ஆனால் 'உங்காளுங்க' என்பது எதற்கு? நான் எந்த ஆள் என்று அட்டையில் எழுதியிருந்ததால் அவருக்குத் தெரியும். வீட்டு ஓனருக்குத்தான் தெரியாது.

அதைத்தான் சொல்ல வந்தேன். நாலு வருடம் முன்பு டவுனுக்கு வந்தபோது பதினோரு வீடு கேட்டோம். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி 'நீங்க என்ன ஆளுங்க'. பன்னிரண்டாவது வீட்டில் பொய் சொன்னோம். வீடு கிடைத்தது. கூடவே கட்டளையும் கிடைத்தது, கோழி, ஆடு பரவாயில்லை, 'அது' கூடாது. பொய் சொல்லிப் பிடித்த வீட்டில் எல்லாவற்றையும் ஒளிக்க வேண்டும். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. அம்மா போன் பண்ணினால் தெருமுனைக்குப் போய்ப் பேசுவேன், ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வருமே என்று. உப்புக்கண்டம் கொண்டு வராதே என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வளவு முழுக்க வந்த வாசனை அது. ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு மாதம் ஒரு முறை கால் கிலோ எடுத்தால், அவருக்கும் பையனுக்கும் மாமியாருக்கும் போட்டுவிட்டு எனக்குக் குழம்பு மிஞ்சும். மாட்டுக்கறி அதில் பாதி விலைகூட இல்லை. பக்கத்திலேயே கடை இருந்தது. நாலு வருடம் அந்தக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தேன்.

மாட்டுக்கறியை விட்டதால்தான் ரத்தசோகை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய்யாகிவிடும். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பது என் பழக்கம், டீ இரும்பைச் சேரவிடாது. வயிற்றில் பூச்சி இருந்திருக்கலாம், கொக்கிப்புழு ரத்தத்தையே குடிக்கும், அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். இத்தனைக்கும் மேலே, 100 கிராம் மாட்டுக்கறியில் இருப்பது 2 முதல் 3 மில்லிகிராம் இரும்பு. ஒரு கர்ப்பத்துக்கு உடம்புக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவை. எட்டாம் மாதத்தில் உட்கார்ந்து கறி தின்று 7.9-ஐ 11 ஆக்க முடியாது. அந்த நேரத்தில் மருந்துதான் காப்பாற்றும். ஆனால் கர்ப்பத்துக்கு வருவதற்கு முன்பே உடம்பு காலியாக இருந்ததே, அந்தக் காலித்தனத்தில் அந்த வீட்டு ஓனரின் கட்டளைக்கும் என் வெட்கத்துக்கும் பங்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா ஊசி எழுதினார். பிரசவத்துக்கு எட்டு ஒன்பது வாரம்தான் இருக்கிறது, மாத்திரையை நம்பிக் காத்திருக்க முடியாது என்றார். இரும்பு ஊசி, ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், சலைன் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். வாயில் பழைய பத்துப் பைசாவைச் சப்புவது போல ஒரு ருசி வரும், வேறு தொந்தரவு எனக்கு இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசம். ஐந்து தடவை போனேன். போன ஐந்து நாளும் சம்பளம் இல்லை. பாட்டில் ஏறி முடித்த பிறகு மீண்டும் மாத்திரை. இந்தத் தடவை ஒழுங்காகச் சாப்பிட்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. படுக்கும்போது சாப்பிட்டால் குமட்டல் தூக்கத்தில் போய்விடுகிறது. கால்சியம் மாத்திரையைக் காலையில் வைத்துக்கொண்டேன், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

ஊசி ஆரம்பித்த வாரமே அம்மா ஊரிலிருந்து வந்து என்னை வளவுக்குக் கூட்டிப்போய்விட்டார். கம்பெனியில் 'நின்னுக்கம்மா, கொழந்தை பொறந்து வா' என்றார்கள். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவள், ஐந்து வருடமாக இஎஸ்ஐ பிடிக்கவே இல்லை. அம்மா வீட்டில் சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பார். கறி, ரத்தப் பொரியல், கம்பங்களி, நெல்லிக்காய். ஈரலை மட்டும் அளவோடு தரச் சொன்னார் டாக்டரம்மா, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில் அது அளவு மீறக் கூடாது. முதல் நாள் அந்த வாசனை வந்தபோது அழுதுவிட்டேன். அம்மா, மிளகுக் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் 9.1. முப்பத்தேழாவது வாரம் 10.2. பல்பம் ஆசை போய்விட்டது, எப்போது போனது என்றே தெரியவில்லை. கால் ஊர்வதும் நின்றது. பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். 7.9-ல் இருப்பவளுக்கு அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து. எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரவில்லை. என் சின்னம்மாவுக்கு 1998-ல் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 'பிள்ளைப்பேறுல போய்ட்டா' என்று ஒரு வரியில் எங்கள் வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். அவளுக்கு எத்தனை பாயிண்ட் இருந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் அண்ணலை நினைத்துக்கொள்கிறேன். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அவர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கானது, அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், வேலை வாங்குகிற முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்பக் கூடாது என்பது அவர் வாதம். 1929-ல் அது சட்டமானது. இன்றைக்குச் சட்டத்தில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது. எனக்கு 26 நாள்கூட இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 'நின்னுக்கம்மா' என்ற ஒரு வார்த்தையில் என் முதலாளி தப்பித்துவிட்டார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் என்று சொல்கிறார்கள். அதில் 14,000 பணம், மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. பெட்டகம் நல்லதுதான், இரும்பு டானிக்கும் இருக்கும், வாங்காமல் விடாதீர்கள். ஆனால் பணம் தவணை தவணையாக வருகிறது, எனக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தது ஒரு தவணை. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் இந்தத் திட்டம். மூன்றாவது பிள்ளை சுமக்கிறவளுக்குத்தான் உடம்பில் ஒன்றுமே மிச்சம் இருக்காது, அவளுக்கு இது கிடையாது. இதை எழுதி அனுப்பலாம் என்று நம் தோழர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குள்ளே ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? பாத்திரத்தில் கறித்துண்டு தீர்ந்த பிறகு உட்காருவது யார்? இரட்டைக் குவளையை எதிர்த்துக் கடை முன்னால் நின்ற என் வீட்டுக்காரருக்கு, என் தட்டில் துண்டு இல்லை என்பது ஐந்து வருடம் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. இப்போது அவர்தான் பரிமாறுகிறார். மாமியார் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.

அந்த வீட்டை நாங்களே காலி செய்துவிட்டோம். இந்தத் தடவை 'என்ன ஆளுங்க' என்று கேட்ட இடத்தில் எல்லாம் உள்ளதைச் சொன்னோம். மூன்று மாதம் அலைந்தோம். இப்போது இருக்கிற வீடு ரொம்பத் தூரம், வாடகை ஆயிரம் ரூபாய் கூட. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சமைக்கிறேன்.

கடைசியாக, வயிற்றில் பிள்ளையோடு வந்திருக்கிற தங்கைகளுக்கு. சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கலானால், குழந்தை அசைவது குறைந்தால், ரத்தம் பட்டால், படுத்து எழுந்தால் சரியாகும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அட்டையைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த வேப்பமரத்தடிக்கு வாருங்கள். உங்கள் எண் என்ன என்று சேர்ந்து பார்ப்போம். எலுமிச்சம்பழம் ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம், சுற்றிப் போடுவதற்கு அல்ல. இப்போது யாராவது என் பொண்ணைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பசிக்கு அழுகிறாள்.